ரூவான் கல்லறையில் ஓர் இடம்

கோவென்ட்ரி
12 மார்ச் 1984

ஃபெஸ்டஸ்,

உடம்பு எப்படி, இடுப்பு எப்படி என்று கேட்டுத் தொடங்கும் மனநிலையில் நான் இல்லை. அதைக் கடைசியில் கேட்கிறேன், ஞாபகம் இருந்தால்.

நேற்று பூசை முடிந்து வெளியே வந்தபோது டிம்ப்னா லாவெல் கோயில் வாசலில் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். தெரியுமல்லவா, நம் ஊருக்கு அடுத்த ஊர்க்காரி, இங்கே எனக்கு நாலு தெரு தள்ளி இருக்கிறாள். "சபீனா, வின்னி போய்ட்டாளாமே. எங்க அண்ணி எழுதியிருந்தா. உங்க குடும்பக் கல்லறையிலயே வெச்சீங்களாம். அதுக்கெல்லாம் ஒரு மனசு வேணும்மா" என்றாள்.

மனசாம். நான் பல்லைக் காட்டித் தலையாட்டிவிட்டு பஸ் ஏறினேன். எனக்கென்று இருந்த குழியில் இன்னொருத்தியைப் படுக்க வைத்த சேதியை அடுத்த ஊர்க்காரி வாயால்தான் தெரிந்துகொள்கிறேன் என்று அவளிடம் காட்டிக்கொள்ள முடியுமா?

வீட்டுக்கு வந்ததும் நீ போட்ட அட்டையை மறுபடி எடுத்துப் பார்த்தேன். "வின்னி சனிக்கிழமை இறந்துவிட்டாள். மாரடைப்பு. திங்கட்கிழமை அடக்கம். நல்ல மழை." மழை பெய்ததை எழுத இடமிருந்திருக்கிறது. எங்கே அடக்கம் என்று எழுத இடமில்லை. அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

அம்மாவை அடக்கம் செய்த அன்று கிழவர் ஜிம்மி பேரட் குழிக்குள்ளிருந்து ஏறி வந்து, மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு சொன்னது உனக்கு மறந்துவிட்டதா? "இன்னும் ரெண்டு பேருக்கு எடமிருக்கு. அதுக்குக் கீழ பாறைதான்." சொல்லிவிட்டு உன்னை ஒரு பார்வை பார்த்தார், என்னை ஒரு பார்வை பார்த்தார். "எனக்கொண்ணும் அவசரமில்ல ஜிம்மி" என்று நீ சொன்னாய். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, பெரியம்மா என்னை முறைத்தாள். ரெண்டு பேர் என்றால் நீயும் நானும். இதற்குக் கணக்கு வாத்தியார் வேண்டியதில்லை.

பழைய கல்லறைத் தோட்டத்தில் சொந்தக் குழி இருக்கிற குடும்பத்தைத் தவிர வேறு யாரையும் வைக்க முடியாது என்று கவுன்சில் மூடிவிட்டதும் உனக்குத் தெரியும். கால்பந்து மைதானத்துக்குப் பின்னால் புதிதாக ஒரு வயலைக் கொடுத்திருக்கிறார்களே, அங்கே மழைக்காலத்தில் பெட்டி மிதக்கும் என்று நீதான் எழுதினாய். என் புருஷன் கென்னோடு போய்ச் சேர் என்றும் சொல்லாதே. அவனை எரித்து, சாம்பலை ஒரு ரோஜாப் பாத்தியில் தூவிவிட்டார்கள். அது அவன் விருப்பம். ரோஜாவுக்கு உரமாகப் போவதற்கா நான் முப்பது வருடம் பஸ்ஸில் டிக்கெட் கிழித்தேன்? கடலைப் பார்த்துக்கொண்டு அம்மா பக்கத்தில் படுக்கலாம் என்ற நினைப்பில்தான் இந்த இங்கிலாந்து ஊரில் நாற்பத்தெட்டு வருடம் ஓட்டினேன்.

வின்னி மேல் எனக்குப் பகையில்லை. அனாதை இல்லத்திலிருந்து ஆறு வயதில் நம் வீட்டுக்கு வளர்க்கக் கொடுத்த பிள்ளை. நாலு வருடம் என் கட்டிலில் என்னோடு படுத்தவள், பனிக்கட்டி மாதிரி இருக்கும் அவள் பாதம். நல்ல பெண்தான். ஆனால் அவள் ரூவான் குடும்பத்தில் பிறந்தவள் இல்லை. நான் பிறந்தவள்.

என் இடத்தை எடுத்துக் கொடுக்க நீ யார்? எனக்கு அதற்குப் பதில் வேண்டும்.

சபீனா

இடுப்பு எப்படி இருக்கிறது?


கோர்ட்மோர், மேயோ
25 மார்ச் 1984

அக்கா,

உன் கடிதம் வந்தது. இடுப்பு பரவாயில்லை. ஒரு ஊன்றுகோலோடு மாட்டுக்கொட்டில் வரை போகிறேன். கறுப்புப் பசு செவ்வாய்க்கிழமை கன்று போட்டது, கிடாரி. பால் இத்தனைக்கு மேல் ஊற்றக்கூடாது என்று புதிதாகச் சட்டம் வருகிறதாம், எல்லோரும் கத்திக்கொண்டிருக்கிறார்கள்.

வின்னி விஷயம். ஆமாம், நான்தான் நம் குழியில் வைக்கச் சொன்னேன். வேறு எங்கே வைப்பது? அவளுக்கென்று யார் இருக்கிறார்கள்? அம்மாவுக்குப் பக்கவாதம் வந்து பதினோரு வருடம் கிடந்தாளே, ஒரு நாள் அவள் முதுகில் புண் வந்ததாக நீ கேள்விப்பட்டிருக்கிறாயா? அதற்குக் காரணம் நானில்லை. எனக்குப் படுக்கை விரிப்பு மாற்றக்கூடத் தெரியாது. வின்னிதான் அம்மாவைத் தூக்கினாள், குளிப்பாட்டினாள், தலை வாரினாள். அம்மா கடைசி வருடத்தில் ஆளைத் தெரியாமல் அவளை சபீனா என்றுகூடக் கூப்பிட்டாள். வின்னி "என்னம்மா" என்றுதான் கேட்பாள். ஒரு தடவைகூட, நான் சபீனா இல்லை என்று சொன்னதில்லை.

முன்கூட்டியே உனக்கு எழுதியிருக்க வேண்டும். எழுதவில்லை. தப்புதான்.

இங்கே நல்ல குளிர்.

ஃபெஸ்டஸ்


கோவென்ட்ரி
2 ஏப்ரல் 1984

ஃபெஸ்டஸ்,

தப்புதான் என்று எழுதிவிட்டு அடுத்த வரியில் குளிரைப் பற்றி எழுதுகிறாய். உன் கடிதத்தில் பசு மாட்டுக்குக் கிடைத்த இடம் எனக்குக் கிடைக்கவில்லை.

அம்மாவை அவள் பார்த்துக்கொண்டாள். சரி. அதை நான் மறுக்கவில்லை. அதற்காக அம்மா பக்கத்தில் படுக்கும் உரிமையும் அவளுக்குப் போய்விடுமா? நான் ஊர் சுற்றப் போனேனா? பத்தொன்பது வயதில் என்னைப் படகில் ஏற்றி அனுப்பியது யார்? வீட்டில் ஒரு வாய் குறையட்டும் என்று அப்பாதான் சொன்னார், நீ அடுப்படியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாய். ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் பார்சல் வந்ததா இல்லையா? நீ இப்போது போட்டிருக்கிற ஓவர்கோட்டு கென்னுடையதா இல்லையா? வர முடிந்தபோது வந்தேன். அப்பா சாவுக்கு வந்தேன், அம்மா சாவுக்கு வந்தேன். அதற்கப்புறம் கென்னுக்கு நுரையீரல் போயிற்று. அவனை விட்டுவிட்டு எங்கே வருவது?

இன்னொன்றும் டிம்ப்னா சொன்னாள். கல்லில் அவள் பெயரை வெட்ட ஆள் பார்த்துக்கொண்டிருக்கிறாயாம், வினிஃப்ரெட் ரூவான் என்று. ஊரான் கடிதத்தில்தான் என் வீட்டுச் சேதி எனக்கு வர வேண்டும் என்று விதியா? ஃபெஸ்டஸ், இதை மட்டும் செய்யாதே. அவளுக்கு இல்லத்தில் வைத்த பெயர் ஒன்று இருக்கும், அதை வெட்டு. ரூவான் என்ற பெயர் அப்பா கொடுத்தால்தான் வரும்.

ஒன்று ஞாபகப்படுத்துகிறேன். அடுப்பில் எரிக்க மண்கட்டி வெட்டுகிற சதுப்பில் நீ இடுப்பு வரை இறங்கிப் போனாயே, அன்றைக்கு உன்னை வெளியே இழுத்தது யார்? நான் வயிற்றைத் தரையில் பதித்துப் படுத்து, உன் தலைமுடியைப் பிடித்து இழுத்தேன். உன் ஒரு பூட்ஸ் உள்ளேயே போய்விட்டது. இன்றைக்கும் அந்தச் சேற்று வாசம் எனக்கு மூக்கில் இருக்கிறது. அன்று நான் அங்கே இல்லையென்றால் உனக்குக் கல்லறையே தேவைப்பட்டிருக்காது, சதுப்பே விழுங்கியிருக்கும். அப்படி இழுத்த கையைத்தான் இன்று தட்டிவிட்டிருக்கிறாய்.

சபீனா


கோர்ட்மோர்
29 ஏப்ரல் 1984

அக்கா,

நாலு வாரமாக இந்தக் கடிதத்தை எழுதி எழுதிக் கிழிக்கிறேன். அடுப்பில் போட்டது மட்டும் ஐந்து இருக்கும். எனக்குச் சண்டை போடத் தெரியாது, உனக்கே தெரியும். ஆனால் சதுப்பு விஷயத்தை நீ எழுதியிருக்க வேண்டாம்.

என்னை இழுத்தது வின்னி.

1937, ஆகஸ்டு மாதம். எனக்குப் பதின்மூன்று வயது, அந்த வாரம்தான் முதல்முதலாக நீளக் கால்சட்டை போட்டிருந்தேன். நீ படகு ஏறிப் பதினான்கு மாதம் ஆகியிருந்தது. அவளுக்குப் பதினோரு வயது. அழுதுகொண்டே இழுத்தாள், "விட்டுடாத ஃபெஸ்டி, என்னைய அடிப்பாங்க" என்று சொல்லிக்கொண்டே. நான் செத்தால் தன்னை இல்லத்துக்கே திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று பயந்திருக்கிறாள். அதைப் பிற்பாடு ரொம்ப வருடம் கழித்துத்தான் என்னிடம் சொன்னாள்.

அம்மா அதை உனக்கு எழுதினாள். மேசையில் அவளுக்கு எதிரே உட்கார்ந்து, முடியைப் பிடித்து இழுத்ததையும் எழுது, பூட்ஸ் போனதையும் எழுது என்று நான்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். நீ அந்த ஊரில் தனியாக ஒரு அறையில் உட்கார்ந்து அதைத் திரும்பத் திரும்பப் படித்திருப்பாய். படித்துப் படித்து அங்கே படுத்திருந்தது நீயே என்று ஆகிவிட்டது. அப்பா சாவு வீட்டில் நீ அந்தக் கதையை எல்லோருக்கும் சொன்னாய். வின்னி தேநீர்த் தட்டோடு பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். நான் வாயைத் திறக்கப் போனேன். அவள் கண்ணைக் காட்டி வேண்டாம் என்றாள். "அவங்களுக்கு இங்க வேற என்ன இருக்கு, விடேன்" என்று அப்புறம் அடுப்படியில் சொன்னாள்.

இதை எழுதுவதில் எனக்குச் சந்தோஷம் இல்லை. நீ எழுத வைத்துவிட்டாய்.

கல்லில் பெயர் வெட்ட இன்னும் யாரிடமும் சொல்லவில்லை. டிம்ப்னா அண்ணியின் வாய்க்குப் பூட்டுப் போட முடியாது.

ஃபெஸ்டஸ்


கோவென்ட்ரி
6 மே 1984

ஃபெஸ்டஸ்,

பொய் என்றுதான் முதலில் நினைத்தேன். உன்னைத் திட்டி நாலு பக்கம் எழுதி, தபால்தலைகூட ஒட்டிவிட்டேன். அப்புறம் கட்டிலுக்கு அடியிலிருந்து அம்மாவின் கடிதங்கள் இருக்கிற தகரப் பெட்டியை இழுத்தேன். குனிந்ததற்கே மூச்சு வாங்கிவிட்டது.

அந்தக் கடிதம் இருக்கிறது. படித்தேன். அதைப் பற்றி நான் ஒன்றும் எழுதப் போவதில்லை.

ஆனால் ஒன்று கேட்கிறேன். நீ அதைச் சொல்லித்தான் ஆக வேண்டுமா? நாற்பது வருடத்துக்கு மேலாக இந்தக் கதையை வைத்துக்கொண்டிருக்கிறேன். பஸ் டிப்போவில் எல்லோருக்கும் தெரியும், சபீனா தன் தம்பியைச் சேற்றிலிருந்து முடியைப் பிடித்து இழுத்தவள் என்று. கென் எத்தனை பேரிடம் சொல்லியிருப்பான். அதையும் எடுத்துக்கொண்டாய். குழியையும் எடுத்துக்கொண்டாய். அந்த வின்னி உயிரோடு இருந்தவரை என்னிடம் ஒன்றும் கேட்டதில்லை. செத்த பிறகு ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்கிறாள், நீ அவளுக்கு எடுத்துக் கொடுக்கிறாய்.

மூச்சு வாங்குகிறது என்று எழுதினேனே. டாக்டர் சொல்லிவிட்டார், இதயத்தில் ஒரு வால்வு ஒழுங்காக மூடுவதில்லையாம். அறுபத்தேழு வயதில் அறுவை சிகிச்சையெல்லாம் வேண்டாம் என்று நான் சொல்லிவிட்டேன். உடனே இல்லை, பயப்படாதே. ஒரு வருடம் இருக்கலாம், ஐந்து வருடமும் இருக்கலாம் என்கிறார். இதை எழுத வேண்டாம் என்றிருந்தேன். இரக்கம் சம்பாதிக்க எழுதுகிறேன் என்று நீ நினைப்பாய். நினைத்தால் நினைத்துக்கொள்.

எனக்குத் தெரிய வேண்டியது இவ்வளவுதான். நான் செத்தால் என்னை எங்கே கொண்டுபோவார்கள்?

சபீனா


கோர்ட்மோர்
20 மே 1984

அக்கா,

என் இடத்தை நீ எடுத்துக்கொள்.

பாதிரியாரிடம் பேசிவிட்டேன். கவுன்சில் ஆளிடமும் சொல்லிவிட்டேன், தாளில் கையெழுத்து மட்டும் போட வேண்டும். நான் புது வயலுக்குப் போகிறேன். அந்த வயலில் முப்பது வருடம் மாடு மேய்த்தவன்தான், எனக்கு ஒன்றும் புதிதில்லை. தண்ணீர் வடிய இப்போது குழாய் போட்டிருக்கிறார்கள்.

வால்வு விஷயம் கேட்டு இரண்டு நாள் எனக்கு ஒன்றும் ஓடவில்லை. படிக்கட்டு ஏறாதே. மாடி அறையை யாருக்காவது விட்டுவிட்டுக் கீழே படு.

ஃபெஸ்டஸ்


கோவென்ட்ரி
27 மே 1984

ஃபெஸ்டஸ்,

முட்டாள். உன் இடத்தை யார் கேட்டது?

கேஸல்பார் டவுனைத் தாண்டினால் உனக்குத் தூக்கம் வராது. எனக்கும் கென்னுக்கும் நடந்த கல்யாணத்துக்கு வந்தவன் மூன்றாம் நாளே பசு என்னவாயிற்றோ என்று கிளம்பிப் போனாய். நீ போய்ப் புது வயலில், போன வருடம் பங்களா கட்டிக் குடிவந்த டப்ளின்காரர்களுக்கு நடுவில் படுப்பாயாம், நான் வந்து அப்பா அம்மாவோடு சொகுசாகப் படுப்பேனாம். ஊர் என்னைக் காறித் துப்பும். துப்பட்டும், அது கிடக்கட்டும். எனக்கே அது பிடிக்கவில்லை.

ஆனால் ஒரு விஷயம் என் மண்டையைக் குடைகிறது. அதற்கு ஒழுங்காகப் பதில் எழுது.

எனக்கு உன்னைத் தெரியும். முன்பக்கத்து கேட்டுக்குப் பச்சை அடிப்பதா சிவப்பு அடிப்பதா என்று இரண்டு வருடம் யோசித்தவன் நீ. கடைசியில் அடிக்கவே இல்லை. அப்படிப்பட்டவன், டிம்ப்னா சொன்னபடி, இடுப்பு அறுவை முடிந்து மருத்துவமனையிலிருந்து ஊன்றுகோலோடு திங்கட்கிழமை காலையில் வந்து இறங்கி, மத்தியான அடக்கத்துக்குள் இவ்வளவு பெரிய முடிவு எடுத்தானா? என்னைக் கேட்காமல்? பக்கத்தில் தபாலாபீஸில் போன் இருக்கிறது, என் பக்கத்து வீட்டு நம்பர் உன்னிடம் இருக்கிறது. ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே.

அதனால் நேராகக் கேட்கிறேன். உனக்கும் வின்னிக்கும் இடையில் ஏதாவது இருந்ததா? டிம்ப்னா ஜாடையாக என்னவோ சொல்கிறாள். ஒரே கூரையில் நீங்கள் இரண்டு பேரும் பதின்மூன்று வருடம் தனியாக இருந்தீர்கள். இருந்தால் இருந்ததென்று சொல்லிவிடு. நான் என்ன பாதிரியாரா? பெண்டாட்டி மாதிரி இருந்தவளுக்கு இடம் கொடுத்தாய் என்றால்கூட எனக்குப் புரியும், ஆறிவிடும். காரணம் தெரியாமல் இப்படி எரிச்சலிலேயே சாக எனக்கு இஷ்டமில்லை.

என் இடத்தை ஏன் கொடுத்தாய்? அம்மா மேல் ஆணையாக எழுது.

சபீனா


கோர்ட்மோர்
10 ஜூன் 1984

அக்கா,

வின்னிக்கும் எனக்கும் ஒன்றும் இல்லை. அவள் என் தங்கை. டிம்ப்னாவிடம் போய்ச் சொல், அவள் அண்ணியிடமும் சொல்லச் சொல்.

அம்மா மேல் ஆணை என்று நீ எழுதியிருக்க வேண்டாம். இதை நான் சொல்லாமலே போயிருப்பேன்.

உன் இடத்தை நான் கொடுக்கவில்லை.

அந்தச் சனிக்கிழமை நான் கேஸல்பார் மருத்துவமனையில் இடுப்பில் தையலோடு கிடந்தேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் நர்ஸ் வந்து சொன்னாள். திங்கட்கிழமை பத்து மணிக்கு பேரட்டின் மகன் வந்து என்னைக் காரில் தூக்கிப் போட்டுக்கொண்டு வந்தான். கோயிலுக்குப் போகும் வழியில் கல்லறைத் தோட்டத்தில் கொஞ்சம் நிறுத்து என்றேன். வின்னியை எங்கே வைப்பது என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டே வந்திருந்தேன். புது வயலில்தான் என்று மனசைத் தேற்றிக்கொண்டிருந்தேன், உன் நினைப்பு இருந்ததால்தான். இதை நீ நம்ப வேண்டும்.

அங்கே போனால் மூன்று பேர் நம் குழிக்குள் மார்பளவு இறங்கியிருந்தார்கள்.

யாரும் என்னைக் கேட்கவில்லை. நம் வழக்கம் உனக்குத் தெரியும். சாவு விழுந்த வீட்டுக்காரன் மண்வெட்டியைத் தொடக்கூடாது, அக்கம்பக்கத்தார்தான் வெட்டுவார்கள். எந்தக் குழியை வெட்டுவது என்று வீட்டில் வந்து கேட்கவும் மாட்டார்கள், யாருக்கு எது என்று எல்லோருக்கும் தெரியும். திங்கட்கிழமை புதிதாக மண் எடுக்கக்கூடாது என்று ஞாயிற்றுக்கிழமை சாயங்காலமே நம் குழியில் ஒரு புல்கட்டியைப் புரட்டி வைத்துவிட்டார்கள். ஐம்பத்திரண்டு வருடம் இந்த ஊர் அவளை இல்லத்துப் பிள்ளை என்றுதான் சொன்னது. அறுவடை விருந்தில் கடைசிப் பந்தியில் உட்கார வைத்தது. ஆனால் செத்ததும் எந்தக் குழி என்று ஒருத்தனுக்கும் ஒரு நிமிஷம்கூட சந்தேகம் வரவில்லை.

வெட்டிக்கொண்டிருந்தவர்களில் மூத்தவர் ஆண்டனி பேடன். உன்னோடு ஆறு வருடம் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவர்.

"ஆண்டனி, இது எங்க குழியாச்சே" என்றேன்.

"பின்ன? வேற யாரு குழில கொண்டுபோய் வைப்பாங்க வின்னிய?"

"இன்னும் ரெண்டு எடந்தான் இருக்கு."

"தெரியும்ப்பா. இவளுக்கு ஒண்ணு, ஒனக்கு ஒண்ணு. சரியாப் போச்சு."

"அப்ப சபீனாவுக்கு?"

அவர் வெட்டுவதை நிறுத்தி நிமிர்ந்தார். கிண்டல் இல்லை அக்கா. நிஜமாகவே யோசித்தார். நெற்றியைத் துடைத்துக்கொண்டு,

"எந்த சபீனா?" என்றார்.

எங்க அக்கா என்றேன். "ஓ, ஆமா. இங்கிலாந்துல ஒருத்தி இருந்தா இல்ல" என்று சொல்லிவிட்டு மறுபடி குனிந்து வெட்ட ஆரம்பித்துவிட்டார்.

நிறுத்துங்கள் என்று நான் சொல்லியிருக்கலாம். சொன்னால் நிறுத்தியிருப்பார்கள். என்னால் முடியவில்லை. உன்னைப் பற்றி அவருக்கு ஞாபகம் வருகிற மாதிரி ஒன்று சொல்லலாம் என்று தேடினேன், அந்த மழையில் எனக்கே ஒன்றும் கிடைக்கவில்லை. பெட்டி கோயிலிலிருந்து கிளம்பிவிட்டது என்று ஒரு ஆள் வந்து சொன்னான்.

இதை உனக்கு எப்படி எழுதுவது? அதனால்தான் நான்தான் வைக்கச் சொன்னேன் என்று எழுதினேன். திட்டுவாய், திட்டி முடித்தால் சரியாகிவிடும் என்று நினைத்தேன். மூன்று மாதம் திட்டுவாய் என்று எதிர்பார்க்கவில்லை.

என் இடம் உனக்குத்தான். தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

ஃபெஸ்டஸ்


கோவென்ட்ரி
18 ஜூன் 1984

ஃபெஸ்டஸ்,

உன் கடிதம் வியாழக்கிழமை வந்தது. நாலு நாளாகப் பதில் எழுத உட்காருகிறேன், எழுந்துவிடுகிறேன்.

ஆண்டனி பேடன் மேல் எனக்குக் கோபமில்லை. கோபப்பட்டுப் பார்த்தேன், வரவில்லை. அந்த ஆள் கேட்டதற்கு நானும் ஒரு பதில் தேடிப் பார்த்தேன். ஏதாவது ஒன்று சொன்னால், அட அவளா என்று அவன் தலையில் அடித்துக்கொள்ள வேண்டும். நேற்று இரண்டு வேளை சாப்பாட்டுக்கு நடுவில் முழுக்க அதையே யோசித்தேன். சதுப்புக் கதைதான் வந்தது. அதுவும் என்னுடையது இல்லை என்று ஆகிவிட்டதே.

நீ கையெழுத்துப் போட்ட தாளைக் கிழித்துப் போடு. நீங்கள் நாலு பேரும் ஒன்றாக இருந்தவர்கள், ஒன்றாகவே படுத்திருங்கள். என்னை எங்கே வைப்பது என்று நான் இங்கே யாரிடமாவது கேட்டுக்கொள்கிறேன், நான் இன்னும் சாகவில்லை. கல்லில் என்ன வேண்டுமானாலும் வெட்டிக்கொள். வினிஃப்ரெட் ரூவான் என்றே வெட்டு. ஊருக்கே தெரிந்ததை நான் ஒருத்தி இங்கே உட்கார்ந்துகொண்டு இல்லையென்று சொன்னால் யார் கேட்கப் போகிறார்கள்?

உன்மேல்தான் எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வருகிறது. ஏன் சொன்னாய்? அம்மா மேல் ஆணை என்று ஒரு கிழவி எழுதினால் உடனே எல்லாவற்றையும் கொட்டிவிடுவதா? மார்ச்சிலிருந்து நான் காலையில் உன்னைத் திட்டிக்கொண்டேதான் கண் விழித்தேன். கெட்டிலைப் போட்டுவிட்டு உன்னைத் திட்டினேன், பஸ்ஸுக்கு நிற்கும்போது உன்னைத் திட்டினேன். என் இடத்தை ஒருத்தன் பிடுங்கிக்கொண்டான் என்று இருந்தேன். இடம் என்று ஒன்று இருந்தால்தானே ஒருத்தன் பிடுங்க முடியும்? அதில் எனக்கு எவ்வளவு தெம்பு இருந்தது என்று இந்த நாலு நாளில்தான் தெரிந்தது.

ஒரு காரியம் செய். அந்தக் கடிதத்தை நீ எழுதவில்லை, நான் படிக்கவில்லை. பழையபடி எழுது. ஆமாம், நான்தான் கொடுத்தேன், உன்னால் ஆனதைப் பார்த்துக்கொள் என்று எழுது. பசுவைப் பற்றியும் எழுது. நான் உடனே உன்னைத் திட்டிப் பதில் போடுகிறேன்.

உன் அக்கா,
சபீனா